சிலையின் பின்புறத்தையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறையில் குடும்பத்தோடு சென்று காணத்தக்க பெரிய தெய்வச் சிலைகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் சுற்றுலா இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பத்துமலை முருகன் 140 அடி, ஏத்தாப்பூர் முத்துமலை முருகன் 146 அடி, முருடேஸ்வரத்துச் சிவன் 123 அடி, பாலித் தீவில் கருடன் மேல் எழுந்தருளியிருக்கும் விஷ்ணு 121 மீட்டர் என்று உயரமும், போய்ச் சேரும் வழியும், தங்க இடமும் தெளிவாகத் தரப்பட்டிருந்தன. கோயில்களையும் சிற்பங்களையும் தேடிச் செல்லும் வழக்கமுள்ள எனக்கு அது பயனுள்ள கட்டுரைதான். ஆனால் அதன் கடைசியில், ஹம்பியின் லட்சுமி நரசிம்மரைப் பற்றி உயரத்தையும் சிதைந்த நிலையையும் சொல்லும் ஒரே ஒரு வரி மட்டும் இருந்ததைப் பார்த்தபோது மனம் வருந்தியது. அந்த ஒரு வரியை நம்பிச் செல்பவர், அங்கே பார்க்க வேண்டியதைப் பார்க்காமலே திரும்பி வந்துவிடுவார் என்பதால் இதை எழுதுகிறேன்.

உயரத்தைச் சொல்வதில் தவறொன்றும் இல்லை. நிமிர்ந்து பார்த்துக் கைகூப்பும்போது உண்டாகும் சிலிர்ப்பு உண்மையானது, அதை நானும் உணர்ந்திருக்கிறேன். எனினும் உயரத்தோடு நின்றுவிட்டால், அண்மையில் எழுந்த சிலைகளுக்குக்கூட நாம் நியாயம் செய்தவர்கள் ஆக மாட்டோம். மலேசியாவில் 2006-ஆம் ஆண்டு தைப்பூசத்தையொட்டித் திறக்கப்பட்ட பத்துமலை முருகனையும், 2022-இல் குடமுழுக்குக் கண்ட முத்துமலை முருகனையும் வடித்தவர் திருவாரூரைச் சேர்ந்த ஸ்தபதி தியாகராஜன் என்ற செய்தி தங்கள் கட்டுரையில் இல்லை. கடல் கடந்து போய்ப் பத்துமலையில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் தமிழர்களில் எத்தனை பேருக்கு, அந்தத் திருமேனி நம் காவிரிப்படுகையின் கைத்திறன் என்பது தெரியும்? ஆறு அடி வித்தியாசத்தில் எது பெரியது என்று சொல்வதைவிட, இரண்டையும் எழுப்பியது ஒரே ஸ்தபதி என்று சொல்வது வாசகருக்கு எவ்வளவோ பெரிய செய்தி.

இனி ஹம்பிக்கு வருகிறேன். துங்கபத்திரையின் தென்கரையில், ஹொசபேட்டை ரயில் நிலையத்திலிருந்து சுமார் 13 கிலோமீட்டரில் உள்ள இந்தப் பழைய விஜயநகரத் தலைநகரை யுனெஸ்கோ 1986-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நரசிம்மர் சிலை கிருஷ்ணதேவராயர் காலத்தது. 1528-இல், அதாவது அவர் மறைவதற்கு ஓராண்டு முன்னர், அங்கேயே கிடந்த ஒற்றைக் கருங்கல் பாறையில் செதுக்கப்பட்டது. 6.7 மீட்டர் உயரம் என்பதைச் சொல்லிவிட்டு மேலே போகலாம், ஏனெனில் பார்க்க வேண்டியவை வேறு. ஆதிசேடனின் சுருள்களே பெருமானுக்கு இருக்கை. அந்தச் சுருள்கள் பின்பக்கமாக எழும்பி ஏழு தலைகளாக விரிந்து குடை பிடிக்கின்றன. அந்தப் படங்களுக்கும் மேலே, தோரணத்தின் உச்சியில், ஒரு சிங்கமுகம் வாய் பிளந்திருக்கிறது. பெருமான் இரு முழங்கால்களையும் உயர்த்தி யோக நிலையில் வீற்றிருக்கிறார். பிதுங்கிய விழிகளும் அகன்ற வாயும் பரந்த மார்பும் அப்படியே இருக்க, நான்கு கைகளும் உடைந்துபோயிருக்கின்றன. முழங்கால்களை இணைத்துக் குறுக்கே செல்லும் வழவழப்பான கற்பட்டை, 1980-களில் நடந்த சீரமைப்பின்போது கால்கள் மேலும் சரிந்துவிடாமல் தாங்குவதற்காகப் புதிதாகப் பொருத்தப்பட்டது. அதன் நிறமும் செதுக்கும் மற்ற கல்லோடு ஒட்டாமல் நிற்பதைச் சற்று உற்றுப் பார்த்தாலே கண்டுகொள்ளலாம். எது பழையது, எது புதியது என்று யாராவது எடுத்துச் சொன்னால் ஒழியப் பயணிகள் அதையும் கிருஷ்ணதேவராயர் காலத்து வேலை என்றே நினைத்துக்கொள்வார்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அங்கே வழிகாட்டிகள் பலர் இவரை உக்கிர நரசிம்மர் என்றே அறிமுகப்படுத்துகிறார்கள். கேட்பவர்களும் அந்த விழிகளைப் பார்த்துவிட்டு, ஆமாம், இரணியனைக் கிழித்த கோபம் இன்னும் அடங்கவில்லை என்று பேசிக்கொண்டு நகர்கிறார்கள். ஆனால் ஸ்தபதி செதுக்கியது அந்தக் கோபத்தை அன்று. பெருமானின் இடது மடியில் தாயார் அமர்ந்திருந்தார். 1565-இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரப் படை தோற்று, தலைநகர் சூறையாடப்பட்ட நாட்களில் தாயாரின் உருவம் உடைக்கப்பட்டது என்பதே பொதுவாகக் கொள்ளப்படும் கருத்து. மடி இன்று வெறுமையாக இருக்கிறது. இருந்தாலும் பெருமானைத் தழுவியிருந்த தாயாரின் ஒரு கை மட்டும் அவருடைய முதுகில் ஒட்டியபடியே தங்கிவிட்டது. உடல் முழுதும் போன பிறகும் அணைத்த கை போகவில்லை. அந்த ஒரு கையைக் கண்டவருக்குத்தான் இது சீற்றம் தணிந்து பிராட்டியோடு வீற்றிருக்கும் திருக்கோலம் என்பது விளங்கும். காணாதவருக்கு இவர் என்றைக்கும் உக்கிர மூர்த்திதான்.

நான் சென்றிருந்தபோது சிலையை நெருங்கிச் சுற்றி வர முடியாதபடி தடுப்பு வைத்திருந்தார்கள். பாதுகாப்புக் கருதிச் செய்த ஏற்பாடு என்பதால் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முன்னால் நிற்பவர்களுக்கு அந்தக் கை தெரிவதற்கே வழியில்லை. பின்புறத்தைத் தெளிவாகக் காட்டும் புகைப்படம் ஒன்றை, கன்னடத்திலும் தமிழ், தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் ஆகிய மொழிகளிலும் இரண்டு வரி விளக்கத்தோடு அந்த நுழைவாயிலருகே வைத்தால் போதும். அதற்குப் பெரிய செலவு ஆகாது. அது நிறைவேறும்வரை, சுற்றுலா இணைப்பில் அந்தப் படத்தை வெளியிடுவது தங்கள் கையில் இருக்கிறது.

தடுப்பே இல்லாத இடத்திலும் நாம் பின்னால் போய்ப் பார்ப்பதில்லை என்பது அடுத்த வருத்தம். நரசிம்மரிடமிருந்து வடக்கே, கிருஷ்ணர் கோயிலைத் தாண்டி ஹேமகூடக் குன்றின் சரிவுக்கு வந்தால், திறந்த மண்டபம் ஒன்றில் சசிவேகாளு கணேசர் இருக்கிறார். சுமார் எட்டு அடி உயரம், ஒரே கல். சந்திரகிரியைச் சேர்ந்த வணிகர் ஒருவர், மறைந்த விஜயநகர மன்னர் நரசிம்மரின் நினைவாக 1506-இல் எழுப்பியது என்று கல்வெட்டு கூறுகிறது. வயிற்றைச் சுற்றிக் கச்சை போலக் கட்டிய பாம்பை எல்லோரும் ரசிக்கிறார்கள், குழந்தைகள் தொட்டுக்காட்டிச் சிரிக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், கிளம்பிவிடுகிறார்கள். மண்டபம் நாற்புறமும் திறந்திருப்பதால் பத்து அடி நடந்தால் பின்புறம் வந்துவிடும். அங்கே தெரிவது பிள்ளையாரின் முதுகே அன்று, ஒரு பெண்ணின் முதுகு. பார்வதி அமர்ந்திருக்க, அவள் மடியில் பிள்ளை அமர்ந்திருப்பதாகச் சிற்பி அமைத்திருக்கிறார். முன்னால் பிள்ளை மட்டும், பின்னால் தாய் மட்டும். தன் மகனை முன்னே காட்டிவிட்டுத் தான் பின்னே மறைந்துகொள்ளும் தாயை இதற்கு மேல் எளிமையாக யாரும் கல்லில் சொல்லியிருக்க முடியாது என்பது என் எண்ணம். இதைக் காணாமல் ஒருவர் ஊர் திரும்பினால் அந்தச் சிலையில் பாதியைத்தான் பார்த்திருக்கிறார். அருகிலேயே பதினைந்து அடி உயரமுள்ள கடலேகாளு கணேசர் இருப்பதால், சிறியவர் என்று இவரை விட்டுவிட்டு அந்தப் பெரியவரிடம் ஓடுகிறார்கள். உயரத்தை மட்டும் எழுதிப் பழக்கிவிட்டதன் விளைவு இது.

நம் ஊரிலிருந்து புறப்படும் யாத்திரைப் பேருந்துகளின் நிரலையும் கொஞ்சம் மாற்றியமைக்க வேண்டும். மந்திராலயம், துங்கபத்திரை அணை, ஹம்பி மூன்றையும் அடுத்தடுத்துச் சேர்த்து, ஹம்பிக்கு அரை நாள் ஒதுக்கி, அதிலும் பெரும்பகுதியை விட்டலர் கோயிலின் கல் ரதத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். ஐம்பது ரூபாய் நோட்டில் அச்சான ரதம் என்பதால் ஆவல் இருப்பது இயல்பே. ஆனால் நரசிம்மர் முன்னால் பேருந்து நின்று, ஓட்டுநர் ஒலிப்பான் அடிப்பதற்குள் முதியவர்கள் இறங்கி ஏறுவதற்கே நேரம் போதவில்லை. வெயில் காலத்தில் அந்தப் பாறைகள் அனலாகக் கொதிக்கும். மழை ஓய்ந்த பிறகு, பிப்ரவரிக்குள், காலை வேளையாகப் பார்த்து முழுதாக இரண்டு நாள் ஒதுக்கச் சொல்லி எழுதினால் வாசகர்கள் நிச்சயம் கேட்பார்கள்.

எந்தத் திருமேனிக்கு வழிபாடு உண்டு, எதற்கு இல்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். பின்னப்பட்ட மூர்த்திக்குப் பூஜை கிடையாது என்பது நம் கோயில்களில் எல்லோரும் அறிந்த மரபு. நரசிம்மருக்கு இன்று நித்திய வழிபாடு இல்லாமல் இருப்பது அதனால்தான், யாருடைய அலட்சியத்தாலும் அல்ல. அதை அறியாதவர்கள், நம் கோயிலில் செய்வதுபோல, சிதைந்த சிற்பங்களில் எண்ணெய் தடவி, குங்குமம் அப்பி, கற்பூரம் ஏற்றிவிட்டு வருகிறார்கள். பக்தியோடு செய்வதுதான் என்றாலும் கல்லுக்கு அது கேடு. அதே இடத்தில், நரசிம்மருக்குப் பக்கத்திலேயே, கால்வாய் நீர் சூழ நிற்கும் பத்தடி உயரமான படவி லிங்கத்துக்கு, முதிய அர்ச்சகர் ஒருவர் பல பத்தாண்டுகளாக அந்த நீரில் இறங்கி, ஆவுடையார் மேல் ஏறி அபிஷேகம் செய்துவந்தார். ஆற்றங்கரையில், வியாசராயர் நிறுவிய யந்திரோத்தாரக ஆஞ்சநேயர் அறுகோணச் சக்கரத்துக்குள் தியானத்தில் அமர்ந்திருக்கும் சந்நிதியில் இன்றும் பூஜை நடக்கிறது. மலர் சாத்தவும் நேர்ந்துகொள்ளவும் விரும்புவோர் அங்கும் விரூபாட்சர் கோயிலுக்கும் செல்லலாம் என்று எழுதினால், பக்திக்கும் வழி கிடைக்கும், சிற்பங்களும் பிழைக்கும். பாறைமேல் ஏறிப் படம் எடுப்பதைப் பற்றியும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். 2019-இல் சில இளைஞர்கள் அங்கே பழந்தூண்களைத் தள்ளி வீழ்த்தியதும், நீதிமன்றம் அவர்களுக்கு அபராதம் விதித்து அவர்களைக் கொண்டே தூணை மீண்டும் நிறுத்தவைத்ததும் பலருக்கு நினைவிருக்கும்.

கடைசியாக ஒன்று. ஹம்பியின் கிருஷ்ணர் கோயில் கருவறை இன்று வெறுமையாக உள்ளது. கலிங்கத்துக் கஜபதியிடமிருந்து உதயகிரிக் கோட்டையைக் கைப்பற்றிய கிருஷ்ணதேவராயர், அங்கிருந்து கொண்டுவந்த பாலகிருஷ்ணர் திருவுருவத்துக்காகவே அந்தக் கோயிலைக் கட்டி 1515-இல் பிரதிட்டை செய்தார். அந்த வெற்றியைச் சொல்லும் கல்வெட்டு கோயில் முற்றத்தில் நிற்கிறது. திருவுருவமோ நம் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்துவிட்டது. ஹம்பிக்குச் செல்லும் தமிழ்நாட்டு வாசகர், அந்த வெறும் கருவறைக்கு உரியவரை எழும்பூரில் முதலில் கண்டுவிட்டுப் போனால், அல்லது போய்வந்த பின்பாவது சென்று கண்டால், அவருடைய பயணம் எவ்வளவு நிறைவடையும்! அடுத்து வெளியிடும் சுற்றுலா இணைப்பில் ஹம்பிச் சிலைகளுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கி, நரசிம்மரின் முதுகில் தங்கிய கையையும், சசிவேகாளு கணேசரின் பின்புறத்தையும், எழும்பூர்ப் பாலகிருஷ்ணரையும் படங்களோடு வெளியிடுமாறு தங்களைப் பணிவன்புடன் வேண்டிக்கொள்கிறேன். தமிழ்நாடு அரசு அருங்காட்சியகத் துறையும் அந்தத் திருவுருவத்தின் அருகே, ஹம்பியில் அது இருந்த கருவறையின் படத்தை வைக்க முன்வர வேண்டும் என்ற கோரிக்கையையும் தங்கள் நாளிதழ் வழியாகவே முன்வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.