கன்னிமாராவில் இசைத்தட்டுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதிப்பில் இல்லாத பழைய தமிழ்ப் புத்தகம் ஒன்று தேவைப்பட்டால், எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் போய்க் கேட்கலாம் என்ற நம்பிக்கையாவது நமக்கு இருக்கிறது. 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு படியை 30 நாட்களுக்குள் கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் பதிப்பாளர் தம் செலவில் அனுப்பியாக வேண்டும். சுரம் எழுதி அச்சிட்ட தாளுக்குக்கூட இது பொருந்தும். ஆனால் அதே சுரங்களைப் பாடிப் பதிவு செய்து விற்ற இசைத்தட்டுக்கோ கேசட்டுக்கோ சி.டி.க்கோ பொருந்தாது. ஆகவே கடைகளில் இருப்பு தீர்ந்தபின் அந்தப் பதிவைக் கேட்க, அதை வைத்திருக்கும் யாரோ ஒருவரின் தயவை நாட வேண்டியிருக்கிறது.

எழுபதுகளில் வெளிவந்த நாகஸ்வர எல்.பி. இசைத்தட்டு ஒன்றைச் சில காலமாகத் தேடி வருகிறேன். உரிமை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு எழுதியதில், விற்பனைப் பட்டியலில் இல்லை என்று ஒரு வரி பதில் வந்தது. மூல நாடா பத்திரமாக இருக்கிறதா என்ற கேள்விக்குப் பதிலே இல்லை. அல்லிக்குளம் மூர் மார்க்கெட் பக்கம் பழைய ரெக்கார்டு விற்பவர்களிடம் போனால், ஈரம் பட்டு அட்டையோடு அட்டை ஒட்டிய கட்டைப் பிரித்து, தட்டை வெளிச்சத்தில் சாய்த்துக் கீறலைக் காட்டி விலை சொல்கிறார்கள். நடுவிலுள்ள லேபிளில் முன்பு வைத்திருந்தவரின் பெயர் நீல மையில் இருக்கும். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. எடைக்கடையிலிருந்து இவற்றை மீட்டவர்கள் அவர்கள்தாம்.

எல்லாம் இப்போது செல்பேசியிலேயே கிடைக்கிறதே என்பார்கள். சினிமாப் பாட்டு கிடைக்கிறது, மறுக்கவில்லை. கர்நாடக இசையில் புகழ்பெற்றவர்களின் பதிவுகளும் ஓரளவு கிடைக்கின்றன, ஆனால் எல்.பி.யின் பின்னட்டையில் பக்கவாத்தியக்காரர்களின் பெயர்கள் இருந்த இடத்தில், செயலியில் பல சமயம் பாடியவர் பெயர் மட்டுமே இருக்கிறது. கேசட் காலத்தில் ஊர் ஊராக விற்ற கதாகாலட்சேபம், நாட்டுப்புறப் பாடல், கட்சி மேடைப் பாடல் ஆகியவற்றின் நிலைமைதான் மிகவும் மோசம். அவற்றை வெளியிட்ட சிறு நிறுவனங்கள் பலவும் இன்று இல்லை.

பதிப்புரிமைச் சட்டம் இங்கே குறுக்கே நிற்கிறது. ஒலிப்பதிவுக்கான பதிப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் செல்லும். அதாவது 1985இல் வந்த கேசட்டுக்கு 2045 முடியும்வரை. சென்னையின் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும் நாடா அதுவரை தாக்குப்பிடிக்குமா? ஆர்வலர் ஒருவர் இணையத்தில் ஏற்றினால் உரிமை கோரி நீக்கச் சொல்கிறார்கள். நீக்கச் சொல்பவர்களோ அந்தப் பதிவை விற்பதும் இல்லை. 1933இல் மறைந்த நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரல் இன்று நம் காதில் விழுகிறதென்றால், நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அக்கால இசைத்தட்டுகளை வீட்டில் பொத்திப் பாதுகாத்தவர்களுக்கே அதில் பெரும்பங்கு உண்டு.

ஆனால் அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வணிக நோக்கமற்ற பொது நூலகம் தன்னிடம் ஏற்கெனவே உள்ள படைப்பைப் பாதுகாப்புக்காக மின்னணு வடிவில் சேமித்து வைக்க அனுமதிக்கிறது. அதற்கு நூலகத்தின் கையில் முதலில் ஒரு படி இருக்க வேண்டும். நம் சிக்கலே அதுதான். 1954ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒலிப்பதிவுகளையும் சேர்க்கும்படி தமிழக அரசு மத்திய அரசை வலியுறுத்த வேண்டும். அது நடக்க நாளாகும் என்பது தெரிந்ததே. அதுவரை, தனியார் அன்பளிப்பாகத் தரும் தட்டுகளையும் கேசட்டுகளையும் கன்னிமாரா பெற்று, பின்னட்டை விவரங்களோடு பட்டியலிட்டு, அங்கேயே உட்கார்ந்து கேட்க ஓர் அறையை ஒதுக்கலாம். நகரில் மியூசிக் அகாடமி தன் ஒலிப்பதிவுகளைக் கேட்க இப்படியொரு வசதியை முன்னரே செய்திருப்பதால், இது புதுமையான யோசனையும் அல்ல.

மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் பெரியவர்கள் மறைந்து வீடு இடிக்கப்படும்போது, பரண்மேல் இருக்கும் ரெக்கார்டுப் பெட்டியை யாரிடம் தருவது என்று தெரியாமல் பிள்ளைகள் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். எந்த நாளில், எந்த அலுவலரிடம் கொண்டுவந்து ஒப்படைக்கலாம் என்று பொது நூலகத் துறை ஓர் அறிவிப்பை வெளியிட்டால், அப்பெட்டிகளில் பலவும் எழும்பூருக்கு வந்து சேரும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மேற்கு மாம்பலம், சென்னை