பிள்ளைப் பருவத்தைப் புரட்டித் தள்ளச் சொல்லும் மதிப்புரை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பரிணாம உயிரியலாளரும் கடவுள் மறுப்பாளருமான ரிச்சர்ட் டாக்கின்ஸின் ‘ஆன் ஆப்பெட்டைட் ஃபார் வொண்டர்’ (2013) என்ற தன்வரலாற்று நூலுக்குச் சென்ற இதழில் வெளியான மதிப்புரையில், ஆப்பிரிக்கக் கதைகளையும் விடுதிப் பள்ளிக் கதைகளையும் புரட்டித் தள்ளிவிட்டு வாசகர்கள் நேரே ஆக்ஸ்ஃபோர்டு அத்தியாயங்களுக்குப் போய்விடலாம் என்று மதிப்புரையாளர் அறிவுரை வழங்கியிருக்கிறார். ஓர் அறிவியலாளர் தம் இளமையைச் சொல்வதற்கென்றே எழுதிய நூலில் இளமையை விட்டுவிட்டுப் படிக்கச் சொல்வது, கல்யாணத்துக்கு அழைத்துவிட்டு, தாலி கட்டுவதைப் பார்க்க வேண்டாம், பந்திக்குப் போங்கள் என்பதைப் போலிருக்கிறது.

மூதாதையரைப் பற்றிய பக்கங்கள் சவ்வாக இழுக்கின்றன என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் 1941இல் நைரோபியில் பிறந்து, வேளாண் அதிகாரியான தந்தையுடன் நியாசாலாந்தில், அதாவது இன்றைய மலாவியில், வளர்ந்த அந்தச் சிறுவன், தரையில் ஊர்ந்து வந்த தேளைப் பல்லி என்று நினைத்து வெறுங்காலை நீட்டிக் கொட்டு வாங்கியதை எப்படித் தள்ளுவது? பெற்றோர் இருவரும் செடிகொடிகளையும் உயிரினங்களையும் நன்கறிந்தவர்களாக இருந்தும் தாம் அப்படி வளரவில்லை என்று அவரே எழுதுகிறார். பின்னாளில் விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த நிக்கோ டின்பெர்கனிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்து, கோழிக்குஞ்சுகள் எந்தப் புள்ளியை எத்தனை முறை கொத்துகின்றன என்று எண்ணிக் கணக்கிட்டு முனைவர் பட்டம் பெற்றவரும் இவர்தான்.

நான் ஏற்காட்டில் ஒரு விடுதிப் பள்ளியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். மெழுகுத் தட்டில் கரப்பான் பூச்சியைக் குண்டூசியால் குத்தி வைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மாணவன் ஒருவன் இருந்தான். அவனே ஆய்வக ஜன்னலுக்கு வெளியே, சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகுக் கொடிக்குள் கூடு கட்டியிருந்த கொண்டைக்குருவி மணிக்கு எத்தனை முறை இரை கொண்டுவருகிறது என்று ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டுக் குறித்து வைத்திருந்தான். “பூச்சியைக் கண்டால் அலறுகிறவனுக்கு விலங்கியல் எதற்கு சார்?” என்று கேட்டு அவன் தந்தை அவனை வணிகவியல் பிரிவுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். இந்த நூல் அன்று வந்திருந்தால் அந்தத் தேள் பக்கத்தை அவர் முன் விரித்து வைத்திருப்பேன். தங்கள் மதிப்புரையாளரோ அந்தப் பக்கத்தைத்தான் படிக்க வேண்டாம் என்கிறார்.

தங்கள் இதழின் நினைவாற்றலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அப்துல் கலாமின் ‘அக்னிச் சிறகுகள்’ பற்றித் தாங்கள் கட்டுரை வெளியிட்டபோது, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போனதால் ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்ட செய்தித்தாள் கட்டுகளை அந்தச் சிறுவன் எடுத்துக் கொடுத்த நிகழ்ச்சியே நூலின் உயிர் என்று கொண்டாடினீர்கள். மிகச் சரி. நம்மவரின் இளமை பாடம் என்றால், அயலாரின் இளமை மட்டும் வளவளப்பாகிவிடுமா? அந்தக் கட்டுரையையொட்டி நான் எழுதிய கடிதத்தில் இருந்த மூன்று குறைகளையும் நீக்கிவிட்டு, மீதமிருந்த ஒரு வரியை ‘வாசகர் பாராட்டு’ என்ற தலைப்பில் வெளியிட்ட தங்கள் பெருந்தன்மையை நான் மறக்கவில்லை.

நூலைக் குறை சொல்லக் கூடாது என்பதல்ல என் வாதம். பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் ஜான் கிரே 2014இல் ‘நியூ ரிபப்ளிக்’ இதழில் இதைக் கடுமையாகச் சாடியிருந்தார். அவர் அதைச் செய்தது காலனியப் பிள்ளைப் பருவத்தையும் பள்ளி நாட்களையும் எடுத்துவைத்துக்கொண்டுதான். ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார் காப்பி பயிரிட்ட சேர்வராயன் மலையில் வாழ்ந்த எனக்கு, வேலையாட்கள் சூழ வளர்ந்த அந்தப் பிள்ளையின் நிம்மதி நெருடத்தான் செய்தது. அந்த நெருடலும் படித்தவனுக்குத்தானே கிடைக்கும்?

அந்த ஆக்ஸ்ஃபோர்டு அத்தியாயங்களையாவது மதிப்புரையாளர் முடித்தாரா என்பதும் ஐயத்திற்குரியது. கடவுள் மறுப்பு விவாதங்கள் வரை நூல் செல்வதாக அவர் எழுதுகிறார். நூலோ 1976இல் டாக்கின்ஸின் முதல் நூலான ‘தி செல்ஃபிஷ் ஜீன்’ வெளிவருவதோடு நின்றுவிடுகிறது. மின்வெட்டால் சுவர்க்கோழி ஆராய்ச்சி தடைப்பட்டதால் ‘தி செல்ஃபிஷ் ஜீன்’ நூலின் முதல் அத்தியாயங்களை எழுத உட்கார்ந்ததாக டாக்கின்ஸ் கூறுவது இறுதிப் பகுதியில் இருக்கிறது. மின்வெட்டை அனுபவித்த சேலத்துக்காரன் எவனும் அந்த இடத்தைத் தவறவிட மாட்டான். பிற்கால வாழ்க்கை 2015இல் வந்த இரண்டாம் நூலில்தான் உள்ளது.

பெரிதாக எதையும் கேட்கவில்லை. இந்த ஒரு பிழைக்கு மட்டும் அடுத்த இதழில் இரண்டு வரியில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இக்கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால், பாராட்டு என்று தலைப்பிடாமல் இருந்தால் போதும்.

தங்கள்,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.