கடலுக்குத் தட்டினால் கேட்காது: ஜியு-ஜிட்சு ஆசான்களுக்கு ஒரு திறந்த மடல்

தரையில் பிடித்து மடக்கும் சண்டைக் கலையான ஜியு-ஜிட்சுவைச் சொல்லித்தரும் ஆசான்களுக்கு, அதிலும் வகுப்பு முடிந்த கையோடு அலைச்சறுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போகிறவர்களுக்கு,

வணக்கம். நான் இரண்டையும் சில ஆண்டுகளாகச் செய்கிறவன், இரண்டிலும் சுமார்தான். அலைச்சறுக்கும் ஜியு-ஜிட்சுவும் ஒன்றேதான், உடம்பைத் தளர்த்திவிட்டு வருவதோடு போனால் போதும் என்று புதிதாக வருகிறவர்களிடம் நீங்கள் சொல்கிறீர்களே, அதைப் பற்றித்தான் இந்த மடல்.

உறவு இல்லை என்று சொல்ல வரவில்லை. மிட்சுயோ மயேடா என்ற ஜப்பானிய ஜூடோ வீரர் 1914இல் பிரேசிலுக்குப் போனார், அவர் வழியாக வந்த வித்தை கிரேசி குடும்பத்தின் கையில் ரியோ டி ஜெனீரோவில் வேறொன்றாக வளர்ந்தது. கோபகபானாவில் பயிற்சி முடித்துவிட்டுப் பொடிநடையாகப் போனால் அர்போவாடோர் கடற்கரை அலை. அப்படியொரு ஊரில் இளைஞர்கள் இரண்டையும் செய்யாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். கிரேசி குடும்பத்து ரோல்ஸும் ரிக்சனும் மேட்டிலும், அதாவது பயிற்சி விரிப்பிலும், உருண்டார்கள், கடலிலும் அலையேறினார்கள். அப்புறம் அதே குடும்பத்து ரோரியன் கலிஃபோர்னியாவுக்கும் ரெல்சன் ஹவாய்க்கும் போய்க் கற்றுத்தந்தார்கள். அலைக்குப் பேர்போன இரண்டு இடங்கள். லாங்போர்டு என்னும் நீளப் பலகை அலைச்சறுக்கில் 1998லும் 2004லும் உலகப் பட்டம் வென்ற ஜோயல் டியூடர் ஜியு-ஜிட்சுவில் கறுப்புப் பட்டைக்காரர். அலைச்சறுக்கில் பதினொரு முறை உலகச் சாம்பியனான கெல்லி ஸ்லேட்டரும் மேட்டில் உருண்டவர்தான்.

ஆக, இரண்டுக்கும் பழக்கம் உண்டு. ஆனால் ஒரே தெருவில் வளர்ந்த இரண்டு பேருக்கு ஒரே குணமா இருக்கும்?

'தளர்ந்து இரு' என்கிற பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அலை உங்களைக் கவிழ்த்து அடியில் போட்டு உருட்டும்போது அதோடு மல்லுக்கட்டி ஒரு பயனும் இல்லை. தலையைக் கையால் மூடிக்கொண்டு, உடம்பைச் சுருட்டிக்கொண்டு, அது பிடியை விடும்வரை காத்திருக்க வேண்டும், அது எப்படியும் விட்டுவிடும். தொண்ணூறு கிலோ ஆள் உங்கள் நெஞ்சின்மேல் மவுன்ட்டில் உட்கார்ந்தால் அவர் தானாக விடமாட்டார். அங்கே காத்திருக்கிறவன் கழுத்தைக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பான். முழங்கையை ஒட்டி வைக்கணும், இடுப்பைத் தூக்கணும், பக்கவாட்டில் நழுவணும், அதாவது வேலை செய்யணும். பதறாத மூச்சு மட்டும்தான் இரண்டுக்கும் பொது. அது சின்ன விஷயம் இல்லை, ஆனால் அதைத் தாண்டி மாணவன் செய்ய வேண்டியது ஏறக்குறைய நேரெதிர்.

பலகையில் துள்ளி எழுவதும், காலைப் பிடிக்க வருகிறவனைத் தடுக்கும் ஸ்ப்ராலும் ஒரே அசைவு என்றும் ஒரு பேச்சு ஓடுகிறது. ஒன்றில் பாதம் இடுப்புக்கு அடியில் வருகிறது, மற்றதில் பின்னால் எறியப்படுகிறது. சரி, விடுங்கள்.

காதைப் பொறுத்தவரை மட்டும் ஒற்றுமையை ஒப்புக்கொள்கிறேன்: மேட் வெளிக்காதைக் காலிஃப்ளவர் போல வீங்க வைக்கும், குளிர்ந்த கடல் காதுக்குழாய்க்குள் எலும்பை வளர்க்கும்.

என் உண்மையான கோபம் வேறு. ஒருமுறை பெரிய அலையில் அடியில் மாட்டிக்கொண்டபோது என் கை தானாக என் தொடையைத் தட்டியது. மூன்று தட்டு, மேட்டில் 'தோற்றேன், விட்டுவிடு' என்று தட்டுவது போலவே. மேலே வந்து சிரித்தேன், சிரித்து முடித்ததும் வயிற்றைப் பிசைந்தது. ஏனென்றால் நம் கலை முழுவதும் அந்தத் தட்டலை நம்பித்தான் நிற்கிறது. தட்டினால் எதிரில் இருப்பவர் விடுவார், கழுத்துப் பிடியில் தட்ட மறந்து கண் செருகினாலும் விடுவார், சில விநாடியில் விழித்து 'என்ன ஆச்சு' என்று கேட்போம்.

இந்த நம்பிக்கையோடு வளர்ந்த மாணவனிடம்தான் உங்களில் சிலர், 'நீச்சல் குளத்தில் மூச்சடக்கிப் பழகு, மேட்டுக்கும் உதவும், கடலுக்கும் உதவும்' என்கிறீர்கள். என்னிடமும் சொன்னார்கள், நானும் தனியாகப் போய்ச் செய்தேன், முட்டாள்தனம். முன்னால் வேகவேகமாக இழுத்து மூச்சுவிட்டால் ஆக்சிஜன் பெரிதாகக் கூடுவதில்லை, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடுதான் குறைகிறது. மூச்சு முட்டுகிற உணர்வைத் தருவதே அதுதான். எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் போகிற மாதிரி. முட்டாமலேயே நினைவு போகும், அப்புறம் உடம்பு தானாக மூச்சு இழுக்கும், உள்ளே போவது தண்ணீர். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இடுப்பளவு ஆழத்தில் இப்படிச் செத்திருக்கிறார்கள்.

அதனால் தயவுசெய்து மூச்சுப் பயிற்சியை மேட்டிலேயே வையுங்கள். கனமான ஒருவரை மேலே உட்கார வைத்து, கீழே இருப்பவர் ஒரு நிமிடம் மூக்கால் மட்டும் சீராக மூச்சுவிட்டுவிட்டு அதன் பிறகு தப்பிக்கட்டும். கடலுக்கு உதவப் போகிற பாடம் அதில்தான் இருக்கிறது. தண்ணீரில்தான் பழகியாக வேண்டும் என்கிறவரை, அதற்கென்றே பயிற்சி பெற்றவரிடம் அனுப்புங்கள், பக்கத்தில் கண் எடுக்காமல் பார்க்க ஒருவர் இல்லாமல் குளத்தில் இறங்காதே என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள், நான் சொன்னால் 'நீ என்ன பட்டை' என்பார்கள்.

இப்படிக்கு,
இன்னும் நீலப் பட்டையிலேயே இருக்கும் ஒருவன்