ஷவர் ஹெட்டை மாற்றும் முன்: சொட்டும் ஷவர் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஷவர் சொட்டுகிறது என்று வருகிறவர்கள் பெரும்பாலும் புது ஷவர் ஹெட்தான் கேட்கிறார்கள். விற்றுவிடலாம், சொட்டு நிற்காது. தண்ணீரைப் பிரித்துத் தெளிப்பது மட்டுமே ஷவர் ஹெட்டின் வேலை. நிறுத்துவது கீழே இருக்கும் குழாய். பழுதும் அநேகமாக அங்கேதான்.

கழற்றும் முன், எப்போது சொட்டுகிறது என்று கவனியுங்கள். மூடியதும் சில நிமிடம் சொட்டினால் அது பழுதே அல்ல. உள்ளே தேங்கிய தண்ணீர் வடிகிறது. அகலமான தட்டு ஷவரில் இது இன்னும் கொஞ்சம் நீளும். சில சமயம் எல்லாம் அடங்கிய பிறகு, ஒரு துளையில் காற்று புகுந்ததும் மிச்சமிருந்தது மொத்தமாகக் கொட்டும். பயப்பட வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்தும் விடாமல் சொட்டினால்தான் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். ஏறக்குறைய 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளொன்றுக்கு 4 லிட்டருக்கு மேல் போகிறது.

வாளிக்குத் தண்ணீர் பிடிக்கும்போது மட்டும் மேலே ஷவர் ஒழுகினால், தண்ணீரைக் கீழ்க்குழாய்க்கோ ஷவருக்கோ திருப்பிவிடும் டைவர்ட்டர் தேய்ந்திருக்கிறது. கீசர் சூடாகும்போது மட்டும் சொட்டினால், சூட்டில் விரிந்த நீரின் அழுத்தம் பலவீனமான வாஷரைத் தள்ளுகிறது. ஷவர் ஓடும்போது ஹெட்டின் கழுத்தில் கசிந்தால் மரையில் டெஃப்லான் டேப்பை வலஞ்சுழியாக எட்டுப் பத்துச் சுற்று சுற்றினால் போதும்.

தண்ணீரும் வெந்நீரும் தனித்தனிக் குழாயாக இருந்தால் எது ஒழுகுகிறது? சொட்டைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மெதுவாக வரும் வெந்நீர் சுவருக்குள்ளேயே ஆறிவிடும். கீசர் சுவிட்சை அணைத்து, வெந்நீர்ப் பக்க வால்வை மூடி அரை மணி நேரம் விடுங்கள். சொட்டு நின்றால் பழுது வெந்நீர்ப் பக்கம்.

இனிக் கழற்றலாம். மெயின் வால்வை மூடி, குழாயைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள். தரைச் சல்லடை மேல் ஒரு துணி போடுங்கள். கைப்பிடித் திருகு விழுந்தால் நேரே அதற்குள்தான் போகும். நட்டில் துணி சுற்றிய பிறகு ஸ்பேனர் போட்டால் குரோம் பூச்சு கீறாது.

பல சுற்று திருகி மூடும் பழைய வகையில், கைப்பிடியோடு சுழலும் தண்டான ஸ்பிண்டிலின் அடியில் ரப்பர் வாஷர் இருக்கும். அதில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தால் ஆயுள் முடிந்தது. அதே அளவில் புதியது போடுங்கள். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். வாஷர் உட்காரும் பித்தளை விளிம்பை டார்ச் அடித்துப் பார்த்து, விரலால் ஒரு சுற்றுத் தடவுங்கள். எங்காவது நெருடினால் அந்த இடம் புது வாஷரையும் அறுத்துவிடும். விளிம்பு சமப்படுத்தும் கருவியை லேசாக இரண்டு மூன்று சுற்று சுற்றினால் சரியாகும். அழுத்திச் சுற்றினால் விளிம்பே போய்விடும்.

கால் சுற்றில் மூடும் வகையில் வாஷர் கிடையாது, இரண்டு செராமிக் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று நகரும். இடையே ஒரு மணல் துகள் சிக்கினாலே ஒழுகும். கழுவிப் பாருங்கள். தட்டில் கீறல் விழுந்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதில் பயனில்லை, ஸ்பிண்டிலையே மாற்ற வேண்டும். ஒற்றைக் கைப்பிடி மிக்ஸரில் கைப்பிடியின் சிவப்பு-நீல மூடிக்குப் பின்னால் ஆலன் கீ திருகு இருக்கும்; உள்ளே தண்ணீரைத் திறந்து மூடும் உருளையான கார்ட்ரிட்ஜ், பெரும்பாலும் 35 அல்லது 40 மி.மீ. விட்டம். அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு முளைகளும் அவற்றுக்கான குழியில் சரியாக உட்கார வேண்டும். கோணலாக வைத்து நட்டை இறுக்கினால் புதியதும் ஒழுகும்.

பலர் விட்டுவிடுவது ஒன்று: புதியதை மாட்டும் முன், குழாயின் வாய்க்கு நேரே வாளியைப் பிடித்து மெயினை ஓரிரு நொடி திறந்து மூடுங்கள். உள்ளே இருக்கும் மணலும் உப்புத் துணுக்கும் வெளியே வந்துவிடும். இல்லாவிட்டால் அவை முதல் நாளே புதுத் தட்டுக்கு இடையில் போய் உட்காரும். ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கான் கிரீஸ் மட்டும் தடவுங்கள். வாஸ்லின் தடவினால் சில வகை ரப்பர் உப்பிவிடும். சொட்டு நிற்கவில்லையே என்று கைப்பிடியைப் பலம் கொண்ட மட்டும் முறுக்கவும் வேண்டாம். வாஷர் நசுங்குவதுதான் மிச்சம்.

உதிரிப் பாகம் வாங்க வரும்போது கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு கொண்டு வாருங்கள். போட்டோவில் எல்லா ஸ்பிண்டிலும் ஒன்றுபோலத் தெரியும். கைப்பிடி மாட்டும் தலையில் உள்ள பற்கள் 20 இருக்கலாம், 24 இருக்கலாம், நீளமும் மாறும். வலப்பக்கம் மூடுவது, இடப்பக்கம் மூடுவது என்று இரு வகையும் உண்டு.

அன்புடன்,
உங்கள் குழாய்ப் பொருள் கடையினர்