பஞ்சு பிழைத்துக்கொண்டான்

அன்புள்ள கீதா,

உன் இரண்டு கடிதங்களும் மேசைமேல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. முதல் கடிதத்துக்குப் பதில் போடாத குற்ற உணர்ச்சியில் இரண்டாவதைப் பிரிக்கவே எனக்கு நாலு நாள் ஆயிற்று. திட்டியிருப்பாய் என்று நினைத்தேன். திட்டாமல் விட்டுவிட்டாய், அதுதான் தாங்கவில்லை. சரி, குடையைத் தொலைத்தவளிடம் வேறென்ன எதிர்பார்ப்பது என்று நீயே எழுதிவிட்டதால் மன்னிப்புப் படலத்தை இத்துடன் முடித்துக்கொள்கிறேன்.

இங்கே எல்லோரும் சுகம். இவருக்கு முழங்கால் வலி. நான் பார்க்கும்போது மட்டும் கூடுதலாக வலிக்கிறது. ஒட்டடைக்குச்சி போன வாரம் கூப்பிட்டாள். ஒரு மணி நேரப் பேச்சில் என் பங்கு பன்னிரண்டு ‘ம்’. அவள் மாறவே இல்லை. அவ்வளவுதான் ஊர் சேதி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வாரத்துக்கு முந்தைய புதன்கிழமை, பஞ்சு சாகக் கிடந்தான்.

சிரிக்காதே. சின்னவள் படிக்கக் கிளம்பியபோது எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போன முயல் அவன். ‘ரெண்டே மாசம்மா, அப்புறம் நானே கூட்டிட்டுப் போயிடறேன்’ என்றாள். இரண்டு வருஷம் ஆகிறது. தோட்டத்தில் ஒரு மரக்கூண்டு, அதற்குள் இவன். முதல் குளிர்காலம் மழையும் ஈரமுமாகப் போய்விட்டது. இந்த வருஷம்தான் உண்மையான குளிர் வந்தது. ராத்திரி மைனஸ் 9 டிகிரி. நான் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியாகக் கூண்டைப் பார்க்கிறேன். அங்கே அவன் ஒரு உருண்டை போல உட்கார்ந்திருக்கிறான். எனக்கு மனசு கேட்கவில்லை.

மனசு கேட்காததன் விளைவுகளைச் சொல்கிறேன், கேள். பழைய கம்பளிப் போர்வை ஒன்றை மடித்து உள்ளே போட்டேன். காற்று வரும் இடுக்கையெல்லாம் தேடித்தேடி பிளாஸ்டிக் தாளை வைத்து டேப் ஒட்டினேன். கம்பி வலைக் கதவையும் மூடினேன். அதோடு விட்டேனா? தினமும் சாயங்காலம் அவனைத் தூக்கிவந்து ஹீட்டருக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்து, படுக்கப் போகும்போது திரும்பவும் கூண்டில் கொண்டுபோய் விட்டேன். மூன்று நாள் இப்படிச் செய்தேன். எவ்வளவு நல்லவள் நான் என்று எனக்கே ஒரு பூரிப்பு.

நாலாம் நாள் காலையில் பிளாஸ்டிக்கைப் பிரித்தபோது முதலில் வந்தது வாடை. மூத்திர வாடை, கண்ணைக் கரித்தது. தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. போர்வை அந்தத் தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டு ராத்திரி முழுக்க உறைந்து, தூக்கினால் பலகை மாதிரி மடிப்போடு வந்தது. அந்தப் பலகைமேல்தான் அவன் உட்கார்ந்திருந்தான். பின்பக்கம் வயிற்று ரோமம் நனைந்து குச்சிகுச்சியாக ஒட்டியிருந்தது. கதவைத் திறந்தால் முன்காலைத் தூக்கி என் விரலை முட்டுகிறவன், தலையைக்கூடத் திருப்பவில்லை. காது இரண்டும் துவண்டு கிடந்தன. கையில் எடுத்தேன் கீதா, ஈரத் துணியை எடுத்த மாதிரி இருந்தது.

கால்நடை மருத்துவரைப் போனில் கூப்பிட்டேன். ‘நடுங்குகிறதா?’ என்று கேட்டார். ‘இல்லவே இல்லை, அசையாமல் இருக்கிறது’ என்று ஏதோ நல்ல சேதி சொல்வதுபோலச் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு நொடி பேச்சே இல்லை. உடம்பு ரொம்பக் குளிர்ந்து, தெம்பெல்லாம் தீர்ந்த பிறகு நடுக்கமும் நின்றுவிடுமாம். அந்த ஒரு நொடியை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

வெந்நீரில் முக்காதே, ஹீட்டர் முன்னால் வைக்காதே, மெதுவாகத்தான் சூடேற்ற வேண்டும் என்றார். உலர்ந்த துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டேன். வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுருட்டிப் பக்கத்தில் வைத்தேன். இவர் முழங்கால் வலியை மறந்து ஓடிப்போய் வண்டியை எடுத்தார். (வலி பற்றி நான் சொன்னதற்கு இதுவே சாட்சி.) முயலின் உடல் சூடு சாதாரணமாக 38.5-லிருந்து 40 டிகிரி வரை இருக்க வேண்டும். மருத்துவமனையில் அளந்தபோது இவனுக்கு 36.4. கடைசியாக எப்போது சாப்பிட்டான், எப்போது புழுக்கை போட்டான் என்று மருத்துவர் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. முயலுக்குக் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமாம். அரை நாள் சாப்பிடாமல் இருந்தாலே ஆபத்தாம். குளிரில் பிழைத்தாலும் குடல் நின்று போய்விட வாய்ப்பு உண்டு என்று சொல்லிவிட்டு உள்ளே எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரே ஒரு புல் தண்டைக் கடித்தான். நான் அங்கேயே அழுதேன். இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் எனக்குப் பாட்டு விழுந்தது. மருத்துவர் கத்துகிற ஆளில்லை, அதனால் இன்னும் வலித்தது. ‘நீங்கள் உங்களுக்குக் குளிருகிறதை வைத்து அதற்குச் செய்திருக்கிறீர்கள்’ என்றார். யோசித்துப் பார், ஒரு வரியில் என் மூன்று நாள் பூரிப்பையும் முடித்துவிட்டார்.

முயலுக்குக் குளிர் பெரிய விரோதி இல்லையாம். வெயில்தான் அதற்கு ஆகாது. பகல் குறையக் குறைய உள்ரோமம் தடித்து வளர்ந்து, அது குளிருக்குத் தயாராகிவிடும். அதை வீழ்த்துவது ஈரமும் காற்றும்தான். நான் போட்ட போர்வை ஈரத்தைப் பிடித்து வைத்தது. நல்லவேளையாக அவன் அந்தப் போர்வையைக் கடித்துத் தின்னவில்லை. தின்றிருந்தால் நூல் குடலை அடைத்திருக்கும். இடுக்கையெல்லாம் நான் மூடியதில் மூத்திரத்து அம்மோனியா வெளியே போக வழியில்லாமல் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கப் பார்த்தது. மேல் பக்கம் காற்று போய்வர வேண்டும், படுக்கிற மட்டத்தில் காற்று அடிக்கக் கூடாது, இதுதான் கணக்கு. ஹீட்டர் விஷயம் எல்லாவற்றிலும் மோசம். சூட்டுக்கும் உறைபனிக்குமாகத் தினமும் மாற்றினால் எந்த உடம்பு தாங்கும்? ஒன்று குளிர்காலம் முடிகிற வரை வீட்டுக்குள் வை, இல்லையென்றால் வெளியே ஒழுங்காக வை. போகிறவழிக்குப் பாசம் காட்டாதே. கடைசி வாக்கியம் என்னுடையது, அவர் அவ்வளவு கடுமையாகச் சொல்லவில்லை.

கூண்டு இருந்த இடத்துக்கும் நான்தான் காரணம். காற்று நேராக அடிக்கிற பக்கம் பார்த்து வைத்திருந்தேன். ஏன் தெரியுமா? அங்கே இருந்தால்தான் சமையலறை ஜன்னலிலிருந்து எனக்குத் தெரிவான்.

ஐந்து நாள் ஹீட்டர் போடாத பின்னறையில் இருந்தான். இப்போது கூண்டோடு தோட்டத்துக் கொட்டகைக்குக் குடிபோயிருக்கிறான். வண்டி நிறுத்துகிற இடம் வேண்டாம், புகை ஆகாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். கொட்டகையில் சூடு கிடையாது, ஆனால் உலர்ந்த இடம், ஒரு ஜன்னல் உண்டு. தரையின் சில்லிப்பு ஏறாமல் கூண்டைச் செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்தோம். மேலேயும் மூன்று பக்கமும் பழைய தரைவிரிப்பு, முன்பக்கம் திறந்தே இருக்கிறது. உள்ளே தூங்குவதற்கு ஒரு மரப்பெட்டி. பெட்டி பெரிதாக இருந்தால் நல்லது என்று நான் நினைத்தேன், அதுவும் தப்பு. காலை நீட்டிப் படுக்கிற அளவு போதும், அப்போதுதான் அதன் உடம்புச் சூடு உள்ளேயே தங்கும்.

இனி வைக்கோல் புராணம். நீ கொட்டாவி விடுவாய், விடு. காய்ந்த புல்லும் வைக்கோலும் எனக்கு இத்தனை நாள் ஒன்றுதான். புல் சாப்பாடு, வைக்கோல் படுக்கை. வைக்கோல் தண்டை ஒடித்துப் பார், உள்ளே குழாய். அந்தக் குழாய்க்குள் நிற்கிற காற்றுதான் சூட்டைக் காப்பாற்றுகிறது. அடியில் செய்தித்தாள் கனமாக, அதன்மேல் வைக்கோலைத் திணிக்க வேண்டும். அழகாகப் பரப்புவது பிரயோஜனமில்லை, பெட்டி வாய் வரைக்கும் திணி. மிச்சத்தை அவன் பார்த்துக்கொள்வான். முதல் நாள் பத்து நிமிஷம் முகத்தால் குடைந்து, வாயால் இழுத்து, ஒரு சுரங்கம் செய்தான். முடித்ததும் உள்ளே போய்த் திரும்பி உட்கார்ந்து மூக்கை மட்டும் வெளியே நீட்டினான். அந்தச் சுரங்கத்துக்குள் கையை விட்டுப் பார்த்தேன். வெளியே என் விரல் மரத்துப் போகிற குளிர், உள்ளே வெதுவெதுவென்று இருக்கிறது! மின்சாரம் இல்லை, ஒன்றும் இல்லை. ஈரமான வைக்கோலைத் தினமும் எடுத்துவிட வேண்டும், அது ஒன்றுதான் வேலை.

புல்லையும் கூடுதலாகப் போடுகிறேன். முயலுக்குச் சிறுகுடலும் பெருங்குடலும் சேருகிற இடத்தில் ஒரு பெரிய பை இருக்கிறது, அதில் நார் புளித்துத்தான் சக்தியாகிறது; புளிக்கும்போது சூடும் வரும். வயிற்றிலேயே கணப்பு அடுப்பு வைத்திருக்கிறான் பயல்.

தண்ணீர்தான் என் உயிரை வாங்குகிறது. முன்பு குழாய் பாட்டில் மாட்டிப் பார்த்தோம் இல்லையா, நுனியில் ஒரு சின்ன உருண்டை இருக்குமே, அது முதலில் உறைந்துவிடும். பாட்டிலில் தண்ணீர் தளதளவென்று ஆடுகிறது, சொட்டு வருவதில்லை. பார்க்கிறவர்களுக்குத் தண்ணீர் இருக்கிறது, குடிக்கிறவனுக்கு இல்லை. தண்ணீர் இல்லையென்றால் உலர்ந்த புல்லைத் தொடமாட்டான், தொடவில்லையென்றால் குடல் நிற்கும், பழைய கதை. அதனால் கவிழாத கனமான பீங்கான் கிண்ணம் இரண்டு. ஒன்று அவனிடம், ஒன்று என்னிடம். காலை, மதியம், இருட்டும் நேரம், படுக்கப் போகுமுன் என்று நாலு தடவை மாற்றுகிறேன். ராத்திரி ரொம்ப மோசமாக இருந்தால் மைக்ரோவேவில் சூடாக்குகிற வட்டத் தட்டு ஒன்றை உறை போட்டு வைக்கோலுக்கு அடியில், பெட்டியின் ஒரு மூலையில் வைக்கிறேன். ஒரு மூலையில் மட்டும்தான். வேண்டாமென்றால் அவன் நகர்ந்து போக இடம் வேண்டும். ஒயர் உள்ள எதுவும் கிடையாது, கடித்துத் துப்பிவிடுவான்.

நேற்று மதியம் வெயில் எட்டிப்பார்த்தபோது கொட்டகைக் கதவைத் திறந்துவிட்டேன். பனியில் இறங்கினான். இறங்கி, ஒரு நிமிஷம் யோசித்து, நின்ற இடத்திலேயே எகிறி, அந்தரத்தில் உடம்பை ஒரு முறுக்கு முறுக்கி விழுந்தான். திரும்பவும் ஒன்று. இரண்டு வாரத்துக்கு முன்னால் சாகக் கிடந்தவன்! நான் ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டு நிற்கிறேன், அவன் குதிக்கிறான். பிறகு பிடித்து அடிவயிற்றையும் பாதத்தையும் நன்றாகத் துடைத்துத்தான் உள்ளே விட்டேன். காது சில்லென்று இருந்தது, ஆனால் இப்போது எனக்குப் பயமில்லை. குளிரில் சூடு வீணாகாமல் இருக்கக் காதுக்குப் போகிற ரத்தத்தை அவனே குறைத்துக்கொள்கிறான். காதோடு சேர்த்து முகத்தையும் பார்க்கிறேன், கூப்பிட்டால் வருகிறானா பார்க்கிறேன், புழுக்கையை எண்ணுகிறேன். ஆமாம், எண்ணுகிறேன். நம் கணக்கு வாத்தியார் கேட்டால் சந்தோஷப்படுவார்.

இன்னொன்று. பஞ்சுவுக்குப் பெண் பார்க்கிறோம். இரண்டு பேர் ஒட்டிப் படுத்தால் குளிருக்கு அதைவிட மருந்து இல்லையாம். ஆனால் கொண்டுவந்த அன்றே சேர்த்துவிடக் கூடாது, ரத்தம் வருகிற மாதிரிச் சண்டை போடுமாம். இருவருக்கும் கருத்தடை, பக்கத்துப் பக்கத்துக் கூண்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கம். இந்தக் குளிருக்கு நடக்காது, அடுத்ததற்குத்தான். இவர் ‘ஒண்ணுக்கே இந்தப் பாடு’ என்கிறார். ஆனால் பெயர் யோசித்து வைத்திருக்கிறார், நான் கேட்டுவிட்டேன்.

கீதா, உன் இரண்டாவது கடிதத்தில் அப்பாவைப் பற்றி எழுதியிருந்தாய். உன்னோடு வந்து இருக்கச் சொன்னால் மறுக்கிறார், இந்த மாதக் கடைசியில் போய் எப்படியாவது அழைத்து வந்துவிடப் போகிறேன் என்று. எனக்கு அறிவுரை சொல்ல அருகதை இல்லை. அவர் அங்கே எந்த நாற்காலியில் உட்காருகிறார், காலையில் யாரோடு பேசுகிறார், அந்த வீட்டில் என்ன சரிசெய்து கொடுத்தால் அங்கேயே இருக்க முடியும் என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தாயா? கேட்டிருப்பாய். கேட்டும் வரத்தான் வேண்டும் என்றால் அழைத்து வா, வந்து உதவுகிறேன். முயலையும் அப்பாவையும் ஒரே கடிதத்தில் எழுதினேன் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதே. பழைய கோபமே இன்னும் பாக்கி இருக்கிறது.

மணி பதினொன்று. வெளியே மைனஸ் 11. கடைசிக் கிண்ணம் மாற்றப் போக வேண்டும். தினமும் உறைந்த கிண்ணத்தைக் கவிழ்த்து வெந்நீர் ஊற்றினால் பனிக்கட்டி வட்டமாகக் கழன்று வருகிறது. கொட்டகைச் சுவரோரம் அவற்றை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறேன், இதுவரை பதினேழு. சிலதில் புல் தண்டு மாட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்றில் அவன் ரோமம்.

அன்புடன்,
உன் குடைக்காரி

பி.கு.: மூன்றாவது கடிதத்தில் தாராளமாகத் திட்டு. உடனே பிரிக்கிறேன்.