காலைச் சுகர் பற்றி செண்பகத்துக்கு

பாளையங்கோட்டை

அன்புள்ள செண்பகம்,

உன் கடிதம் வந்தது. பேத்தி பள்ளிக்கூடம் மாறியது, மாடி வீட்டை வாடகைக்கு விட்டது எல்லாம் படித்தேன். இங்கே ஐப்பசி அடைமழை. மொட்டை மாடியில் காயப்போட்ட வற்றல் அவ்வளவும் பாழ். இவருக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தூரத்தில் வரும் பஸ் நம்பரை இப்போது எனக்கு முன்னால் வாசித்துவிட்டுப் பெருமையாகத் திரும்பிப் பார்க்கிறார்.

இனி உன் சுகர் கதை. ராத்திரிச் சாப்பாட்டையே விட்டும் காலையில் வெறும் வயிற்றில் 168 காட்டுகிறது, மருமகள் ஃப்ரிட்ஜில் இருக்கும் மைசூர்பாகை எண்ணிப் பார்க்கிறாள் என்று எழுதியிருந்தாய். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அவளிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. காலை எண்ணுக்கு நேற்று நீ தின்றது மட்டுமே காரணம் இல்லை. பாதிக்குமேல் உன் கல்லீரலின் வேலை.

நாம் தூங்கினாலும் மூளைக்குச் சர்க்கரை வேண்டுமில்லையா? பத்தாயத்திலிருந்து நெல் அளந்து போடுகிற மாதிரி, கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து ராத்திரி முழுக்க அளந்து கொடுத்துக்கொண்டிருக்கும். விடியற்காலை 3, 4 மணிக்குமேல், எழுந்திருக்கத் தயாராகும் உடம்பில் கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் எல்லாம் ஏறும். அவை கல்லீரலை முடுக்கிவிடும். சுகர் இல்லாதவர்களுக்கும் இது நடக்கிறதுதான். அவர்களுடைய கணையம் கூடவே கொஞ்சம் இன்சுலின் விட்டுச் சரிக்கட்டிவிடும். நமக்கு அந்த இன்சுலின் போதவில்லை, வருகிற கொஞ்சத்தின் பேச்சையும் கல்லீரல் கேட்பதில்லை. டான் ஃபினாமினன் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான்.

அதனால் பட்டினி கிடந்து இதை அடக்க முடியாது. வெளியிலிருந்து வரவில்லை என்றால் கல்லீரல் உள்ளே இருப்பதை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறது. அதைவிட எனக்குப் பயம் தந்தது நீ போகிற போக்கில் எழுதிய ஒரு வரி: "சாப்பிடாத அன்றைக்கு மாத்திரையும் போடுவதில்லை." அடி பாவி! மெட்ஃபார்மின் முக்கியமாகக் கல்லீரல் சர்க்கரை விடுவதைத்தான் குறைக்கிறது. ராத்திரி மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டுக் காலையில் ஏன் ஏறுகிறது என்று கேட்டால் என்ன சொல்ல? ஆனால் உன் சீட்டில் கணையத்தை இன்சுலின் சுரக்கவைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையும் இருக்கிறதா என்று பார். இருந்தால் கதை வேறு. அதைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்தால் ராத்திரியில் சுகர் 70க்குக் கீழே இறங்கி, வியர்த்து, படபடத்து எழுந்திருப்பாய். ஆகவே பட்டினியை விடு. எந்த மாத்திரையை எப்போது போடுவது என்பதை டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள். நீயாக எதையும் விடாதே, நீயாக எதையும் கூட்டாதே.

உன் பக்கத்து வீட்டு மாமி சொன்ன "ராத்திரி லோவாகி, அதனால் காலையில் ஹையாகிறது" என்பதும் பழைய கணக்கு. சோமோஜி என்கிற விஞ்ஞானி 1930களில் சொன்னது. பிற்பாடு தோலில் ஒட்டும் சென்சாரை வைத்து ராத்திரி முழுக்கப் பார்த்தபோது, ராத்திரி இறங்கியவர்களில் பெரும்பாலோருக்குக் காலையிலும் குறைவாகத்தான் இருந்தது. இருந்தாலும் ஊகிப்பானேன், பார்த்துவிடலாமே. நாலைந்து நாள் படுக்கும்போது ஒன்று, 3 மணிக்கு அலாரம் வைத்து ஒன்று, எழுந்ததும் ஒன்று எடுத்து நோட்டில் எழுது. படுக்கும்போதே 200 என்றால் ராத்திரிச் சாப்பாட்டைப் பார்க்க வேண்டும். 3 மணிக்கு 130 இருந்து விடியும்போது 165 என்றால் கல்லீரல். 3 மணிக்கு 70க்குக் கீழே என்றால் உடனே டாக்டருக்கு போன் போடு.

எடுக்கும் முன் கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்து. முப்பது வருஷம் லேபில் ரத்தம் எடுத்தவள் சொல்கிறேன், வாழைப்பழம் உரித்த விரல் காட்டும் எண்ணை நம்பாதே. வீட்டு மீட்டர் நல்லதாக இருந்தாலும் 15 சதவீதம் முன்னே பின்னே காட்டலாம். நேற்று 158, இன்று 168 என்று நீ அழுவதில் அர்த்தமே இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மீட்டர் ஏது? சிறுநீரில் பெனடிக்ட் கரைசலை விட்டு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவோம். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறம். ரத்தத்தில் 180 சுமாருக்குமேல் போனால்தான் சிறுநீரில் சர்க்கரை இறங்கும். உன் 168க்கு எங்கள் சோதனைக் குழாய் நீலமாகவே இருந்திருக்கும், "ஒன்றும் இல்லை, போங்கம்மா" என்று அனுப்பியிருப்போம்! அதற்காக 168 நல்லது என்று சொல்லவில்லை. வெறும் வயிற்றில் 80லிருந்து 130க்குள் என்பதுதான் பொதுவாக வைத்திருக்கும் இலக்கு. ஆனால் உன் மூன்று மாத சராசரியைக் காட்டும் HbA1c டெஸ்ட் 6.8 சதவீதம் என்று எழுதியிருக்கிறாய். அதைக் கணக்குப் போட்டால் நாள் முழுக்கச் சராசரி 148 வரும். மோசமில்லையடி. ஒரு காலை எண்ணைவிட அதற்குத்தான் நான் மதிப்புக் கொடுப்பேன்.

சாப்பாட்டு விஷயம் உனக்குத் தெரியாததில்லை. கோதுமைக்கு மாறிவிட்டேன் என்று நாலு சப்பாத்தி தின்றால் அதுவும் மாவுச்சத்துதான். கேழ்வரகை மாவாக்கிக் கஞ்சியாகக் குடித்தால் விறுவிறுவென்று ஏறும். நான் இப்போது ஏழரைக்குள் சாப்பிட்டுவிடுகிறேன்: இரண்டு இட்லி, காய் நிறைய, சில நாள் முட்டை. படுக்கப் போகும்போது பாலும் பழமும் என்ற வழக்கத்தை நிறுத்தியாயிற்று. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. சாப்பிட்டதும் கால் மணி நேரம் நடை, மழை நாளில் வீட்டுக் கூடத்திலேயே. தசை வேலை செய்யும்போது ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை அதுவே இழுத்துக்கொள்ளும். வெந்தயத் தண்ணீர் குடிக்கிறாயா, குடி, மாத்திரைக்குப் பதில் என்று நினைக்காதவரை. இன்னொன்று, 5 மணிக்கு எழுந்து பூஜை முடித்து 9 மணிக்குச் சாப்பிடுகிறாய். அந்த நாலு மணி நேரமும் கல்லீரல் விட்டுக்கொண்டேதான் இருக்கும். கொஞ்சம் சீக்கிரம் சாப்பிடு, சாமி கோபித்துக்கொள்ளாது.

நாட்டில் 10 கோடிப் பேருக்குமேல் சுகர் என்று 2023இல் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு சொன்னது. இதில் நீ என்ன மறைந்து மறைந்து ஊசி குத்திக்கொள்கிறாய்? கூடத்தில் உட்கார்ந்து குத்து.

தை மாதம் சின்னவளுக்கு வளைகாப்பு. நோட்டோடு வந்து இரண்டு நாள் தங்கிப் போ. சர்க்கரை போடாத காபி என் பொறுப்பு. கலந்த சாதங்களில் எதை எவ்வளவு என்பது உன் பாடு.

அன்புடன்,
ராஜம்