மகனுக்குச் சொல்லாததை டொக்டருக்குச் சொல்லு

வட்டக்கச்சி,
மாசி, வெட்டு முடிஞ்ச கையோட

அன்பின் ராசாத்திக்கு,

இங்க எல்லாரும் சுகம். கால போகம் பரவாயில்லை, நெல்லு விலைதான் வழமை போல. அத்தானுக்கு இருமல் மாறீட்டுது. பரந்தன் மாமி உன்னைக் கேட்டவ. அதே குரல், அதே கதை. குதிரைக்கு ஊசி போட்ட கதையைப் போன கிழமையும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சவ. நீ இல்லாதது எனக்குத்தான் தெரியுது.

சரி, விசயத்துக்கு வாறன். உன்ர மகன் அமெரிக்காவில இருந்து எனக்குப் போன் அடிச்சவன். "அன்ரி, அம்மா டொக்டரிட்டப் போகமாட்டன் எண்டு ஒற்றைக் காலில நிக்கிறா, நீங்கள் சொன்னாத்தான் கேப்பா" எண்டான். மாதக் காசு கட்டிச் சேர்ற டொக்டர் ஒராளிட்ட உன்னைப் பதிஞ்சாச்சாம், முதல் அப்பொயின்ற்மென்டுக்கு நாளும் குறிச்சாச்சாம். நீ "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, காசைக் கொண்டுபோய்க் கொட்டாத" எண்டு சொன்னியாம். ஒரு வருத்தமும் இல்லாத மனுசி இரவில நாரி நோவில எழும்பி இருக்கிறாவாம், இடது கால் விறைக்குதாம். அதையும் அவன்தான் சொன்னவன்.

போனில சொல்லியிருக்கலாம். ஆனா நீ எப்பவும் ஸ்பீக்கரில போட்டுட்டு நடு வீட்டில இருந்து கதைக்கிறனி. பக்கத்தில மருமகள், பேரப்பிள்ளையள். நான் சொல்லப் போறது அப்பிடிச் சொல்லக்கூடியது இல்லை. அதாலதான் கடிதம். இங்க கலியாணத்துக்கு வந்திட்டுத் திரும்பிப் போற உன்ர மருமகளின்ர தம்பியிட்ட ஒட்டிக் குடுத்து விடுறன். தனிய இருந்து வாசி.

முதல் அந்த ஏற்பாடு என்னெண்டு சொல்லுறன், 'டிரெக்ட் பிரைமரி கெயார்' எண்டு அதுக்குப் பேர், ஏனெண்டா உனக்கு ஆரும் வடிவா விளங்கப்படுத்தேல்லை போல கிடக்கு. ஒஹாயோவில மகளோட இருக்கேக்க என்னையும் இப்பிடி ஒரு இடத்திலதான் சேர்த்தவள். கிரீன் கார்ட்டில போய் இறங்கிற எங்களைப் போல 65 தாண்டின ஆக்கள் 5 வருசம் தொடர்ந்து அங்க இருந்தாத்தான் காசு கட்டியெண்டாலும் வயசு போனவைக்கு அரசாங்கம் நடத்திற மெடிக்கெயார் காப்புறுதிக்குள்ள போகலாம். அதுவரைக்கும் ஒவ்வொரு தலையிடிக்கும் பில் கட்ட ஏலாது எண்டுதான் பிள்ளையள் இந்த வழிக்குப் போகினம். மாதம் இவ்வளவு எண்டு ஒரு தொகை. இடத்துக்கும் வயசுக்கும் ஏற்ற மாதிரி மாறும், பெரும்பாலும் 50 டொலருக்கும் 150 டொலருக்கும் இடையில. சேரேக்க தனியாப் பதிவுக் காசு வாங்கிற இடமும் இருக்கு. அதுக்குப் பிறகு கனக்க இடங்களில டொக்டரைப் பாக்கிறதுக்கு எண்டு காசு இல்லை, எத்தினை தரம் போனாலும். காப்புறுதிக் கொம்பனிக்குப் பில் எழுதிற வேலையே அவைக்கு இல்லாதபடியா, ஒரு டொக்டர் சில நூறு பேரை மட்டும் வச்சுப் பாத்துக்கொண்டு இருக்கலாம். மற்ற இடங்களில ஒரு டொக்டருக்கு 2,000 பேருக்கு மேல.

அந்தக் கணக்கிலதான் எல்லாம் இருக்கு, ராசாத்தி. இங்க கிளினிக்குக்கு நீயும் நானும் விடியப்புறம் பஸ் பிடிச்சு, நம்பர் துண்டு எடுத்து, வாங்கில நெருக்குப்பட்டு இருந்து உள்ள போனா, டொக்டர் கொப்பியைப் பாத்து அதே மருந்தை எழுதித் தருவினம். நிமிர்ந்து முகத்தைப் பாக்க நேரமில்லை. நான் அந்தப் பிள்ளையளைக் குறை சொல்லமாட்டன். வெளியில அவ்வளவு சனம் நிக்கேக்க அவை என்ன செய்யிறது? ஒரு சதம் வாங்காமல் மாதம் முழுக்கக் குளிசையும் தந்து விடுகினம். ஆனா என்ர உடம்பில என்ன நடந்தது எண்டு முழுக்கக் கேட்ட ஒருத்தரும் இங்க இருக்கேல்லை.

அங்க முதல் நாள் எனக்கு ஒரு மணித்தியாலம். உனக்கும் அப்பிடித்தான் வச்சிருப்பினம். நிறையை இறாத்தலில சொல்லுவினம், பயந்திடாத. பிரஷர் பாத்தாப் பிறகு டொக்டர் கொம்பியூட்டரைப் பக்கத்தில தள்ளி வச்சிட்டு எனக்கு நேர இருந்தவ. சின்னனில இருந்து கேட்டவ. மலேரியா வந்ததோ? எங்கட காட்டுப் பக்கத்தில வராத ஆர், எண்டு சொன்னன். 2016 இல உலக சுகாதார நிறுவனம் இலங்கையில மலேரியா இல்லை எண்டு அறிவிச்சதையும் சொன்னன். அவவுக்கு அது புதுச் செய்தி. கையில இருக்கிற பிசிஜி தடுப்பூசித் தழும்பைத் தொட்டுப் பாத்தவ. அந்த ஊசி போட்டவைக்குத் தோலில குத்திப் பாக்கிற காசநோய்ப் பரிசோதனை பிழையாக் காட்டலாம், இரத்தத்தில பாக்கிறதுதான் நல்லம் எண்டவ. உனக்கும் தழும்பு இருக்கு, மறக்காமல் காட்டு.

பிறகு எத்தினை பிள்ளையள் எண்டு கேட்டவ. மூண்டு பெத்தனான், ரெண்டு இருக்கு எண்டு சொன்னன். மகள் அதை இங்கிலீசில சொல்ல வெளிக்கிட்டு நடுவில நிண்டிட்டாள். டொக்டர் பேனையை மேசையில வச்சிட்டுப் பேசாமல் இருந்தவ. அவசரப்படுத்தேல்லை. கொஞ்ச நேரத்தால நானே மிச்சத்தைச் சொன்னன், எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசில. 2009 க்குப் பிறகு நான் அதை ஒரு வைத்தியருக்கு முன்னால சொன்னது அண்டைக்குத்தான். இரவில நித்திரை இல்லாததுக்கும் பிரஷர் ஏறி நிக்கிறதுக்கும் அதுக்கும் தொடர்பு இருக்கலாம் எண்டு ஒருத்தர் முதல்முதலாச் சொன்னதும் அண்டைக்குத்தான்.

இப்ப உன்ர கதைக்கு வாறன். உன்ர முதுகில கிடக்கிற செல் துண்டு மகனுக்குத் தெரியாது, என்ன? அவன் அதுக்கு முன்னமே வெளியில போயிட்டான். நீயும் சொல்லேல்லை. பாவம், குற்ற உணர்ச்சியில சாவான் எண்டு நீ மறைச்சது எனக்கு விளங்குது. கடைசிச் சண்டையில, புதுமாத்தளன் பள்ளிக்கூடத்தில ஆஸ்பத்திரி நடந்த நேரம், காயத்தைக் கழுவித் தைச்சு விட்டவை. உள்ள கிடக்கிறதை எடுக்க அங்க வசதி இல்லை. அந்தத் துண்டுச் சீட்டும் முள்ளிவாய்க்காலோட போயிட்டுது. உன்ர உடம்பில அது இருக்கெண்டு எழுதின ஒரு கடுதாசியும் இந்த உலகத்தில இல்லை. உனக்கும் எனக்கும்தான் தெரியும்.

நாரி நோவும் கால் விறைப்பும் எண்டு போனா, டொக்டர் எம்ஆர்ஐ ஸ்கான் எடுக்கச் சொல்ல இடம் இருக்கு. அது பெரிய காந்தம். உடம்புக்குள்ள இரும்புத் துண்டு கிடந்தா இழுபடலாம், சூடாகலாம். அதுக்காகத்தான் உள்ள விடமுதல் உடம்பில உலோகம் ஏதும் இருக்கோ எண்டு கேப்பினம், சந்தேகம் எண்டா எக்ஸ்ரே எடுத்துப் பாப்பினம். ஆனா உன்ர படிவத்தை நிரப்பினது ஆர்? உன்ர மகன். அவனுக்குத் தெரிஞ்சபடி "இல்லை" எண்டு போட்டிருப்பான். நீயும் அவனுக்கு முன்னால "இல்லை" எண்டுதான் தலை ஆட்டுவாய். இதை நினைக்க எனக்கு நித்திரை வரேல்லை. துண்டு கிடக்கிறது ஆபத்து எண்டு நான் சொல்லேல்லை. எங்கட சனத்தில எத்தினை பேர் அதோட வாழுகினம். அது இருக்கெண்டு தெரியாமல் உன்னை அந்த மிசினுக்குள்ள விடுறதுதான் ஆபத்து.

அதால நீ செய்யவேண்டியது இது. போக முதலே அவையிட்டத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒராளைப் போனில எடுக்கலாமோ எண்டு மகனைக் கொண்டே கேப்பி. அண்டைக்கு, "நீ வெளியில இரு ராசா, பொம்பிளையளின்ர கதை" எண்டு சொல்லிவிடு. எந்த மகனும் அதுக்குப் பிறகு உள்ள நிக்கமாட்டான். உன்ர விசயத்தை ஆர் ஆருக்குச் சொல்லலாம் எண்டும் ஒரு படிவம் தருவினம். அதில என்ன எழுதிறது எண்டதும் உன்ர விருப்பம். துண்டு எங்க கிடக்கெண்டு கையை வச்சுக் காட்டு. வேறொண்டும் கதைக்க மனமில்லையெண்டா விடு, இதை மட்டும் சொல்லீட்டு வா.

மருந்து விசயத்திலயும் ஒண்டும் ஒளிக்காத. நோவுக்கு எண்டு நீ பாமசியில வாங்கி வாங்கிப் போட்ட டைக்குளோபெனக் கிட்னிக்குக் கூடாது. நீ இருந்தது வவுனியாப் பக்கம், கிணத்துத் தண்ணி குடிச்ச ஆள். எங்கட பக்கத்தில கிட்னி வருத்தம் எவ்வளவு எண்டு அங்கத்தை டொக்டருக்குத் தெரிஞ்சிருக்க ஞாயம் இல்லை. கிட்னி எப்பிடி எண்டு பாக்க இரத்தத்தில கிரியேற்றினின் பாக்கச் சொல்லு, சலத்தில அல்புமின் பாக்கச் சொல்லு, ஏனெண்டும் சொல்லு. குளிசையளைப் பெட்டியோட கொண்டுபோ. பரசிற்றமோலை அங்க அசற்றமினோபன் எண்டினம், உன்ர இழுப்புக்கு அடிக்கிற சல்பியூட்டமோலை அல்பியூட்டரோல் எண்டினம். பேர் மாறினதால ஒரே மருந்தை ரெண்டு தரம் போட்டிடாத.

சேர்ந்தாப் பிறகு என்ன நடக்கும் எண்டும் சொல்லவேணும். எனக்குப் பிரஷருக்கு அம்லோடிபின் போட்டுக் கால் வீங்கிக்கொண்டு இருந்தது உனக்குத் தெரியும். செருப்பு வார் பதிஞ்சு நிக்கும். வயசு போனா வீங்கும் எண்டு நானே நினைச்சிருந்தன். மகள் ஒரு பின்னேரம் காலைப் படம் எடுத்து டொக்டரின்ர நம்பருக்கு அனுப்பினவள். அண்டிரவே பதில் வந்தது, இது அந்தக் குளிசையின்ர வேலையா இருக்கலாம், நாளைக்கு வாங்கோ எண்டு. போனன், மாத்தித் தந்தவ, வீக்கம் வத்தீட்டுது. ஒரு சின்னக் கேள்விக்காக ஒரு நாளை வீணாக்கத் தேவையில்லை. குளிசையும் அவவின்ர அலுமாரியில இருந்தே மலிவா எடுத்துத் தந்தவ. நியூஜேர்சியில சட்டம் இறுக்கம், நீ பெரும்பாலும் பாமசியிலதான் வாங்கவேணும். இரத்தப் பரிசோதனைக்குத் தனியாக் காசு, ஆனா இப்பிடியான இடங்கள் முதலே பேசி வச்ச குறைஞ்ச விலையில செய்விப்பினம். விலையைக் கேட்டுட்டுக் கையை நீட்டு.

இது காப்புறுதி இல்லை, இதை மனசில வை. ஆஸ்பத்திரியில படுத்தா, ஒப்பரேசன் எண்டா, ஸ்கான் எண்டா, வேற விசேட வைத்தியரிட்டப் போனா, அந்த மாதக் காசு ஒண்டுக்கும் உதவாது. நெஞ்சுக்குள்ள நொந்தா டொக்டருக்கு மெசேஜ் போட்டுக்கொண்டு இருக்காத, 911 அடிக்கச் சொல்லு. இங்க 1990 அடிச்சா 2018 இல இருந்து எங்கட பக்கமும் அம்புலன்ஸ் சும்மா வருது. அங்க அதுக்கும் பில் வரும். பெரிய வருத்தத்துக்கு எண்டு வேற காப்புறுதி ஏதும் உனக்கு எடுத்திருக்கோ எண்டு மகனைக் கேள். கேக்க வெக்கப்படாத. எடுக்கேல்லையெண்டா இருந்து கதைச்சு எடுக்கச் சொல்லு. நீ காசு காசு எண்டு யோசிக்கிறது சரி, ஆனா யோசிக்க வேண்டிய இடம் மாதக் காசு இல்லை, இதுதான். ஒப்பந்தத்தில எத்தினை நாள் முதல் சொல்லி விலகலாம் எண்டும் பாக்கச் சொல்லு. நீ சித்திரைக்கு ஊருக்கு வாறதெண்டா அந்த மாதங்களுக்குக் காசு ஓடுமோ, நிப்பாட்டி வைக்கலாமோ எண்டும் கேப்பி.

எனக்கு ஒரு விசயம் உறுத்தலா இருந்தது, இப்பவும் இருக்கு. ஒரு டொக்டர் சில நூறு பேரோட நிண்டா மிச்சப் பேர் எங்க போறது? மாதக் காசு கட்ட ஏலாத மனுசிக்கும் மூண்டு பெத்து ரெண்டு மிஞ்சியிருக்கலாம். அவவிட்டயும் ஆரோ கேக்கவேணும். எங்கட டொக்டர்மாரும் 2022 க்குப் பிறகு எத்தினை பேர் வெளிக்கிட்டிட்டினம், மிஞ்சி நிக்கிறவைக்குத் தண்ணி குடிக்க நேரமில்லை. திரும்பி வந்து இங்க வாங்கில இருக்கேக்க இதைத்தான் யோசிச்சுக்கொண்டு இருந்தன். எங்கட கிளினிக்கிலயும் ஒரு ஆளுக்கு வருசத்தில ஒருக்காவெண்டாலும் அரை மணித்தியாலம் குடுக்கவேணும். புதுசாப் பதியிற நாளில குடுத்தாலே காணும். நான் இதை மருத்துவ மாதுவிட்டயும் சொன்னன், பெரிய டொக்டருக்கு எழுதப் போறன் எண்டும் சொன்னன். எழுதுவன்.

உன்ர தங்கச்சி வீட்டுக்குப் போய் உன்ர கிளினிக் கொப்பியைத் தேடி எடுத்து இதோட வச்சிருக்கிறன். எலி கொஞ்சம் கடிச்சிருக்கு, ஆனா கடைசி வருசத்துப் பிரஷர், சீனி எல்லாம் வாசிக்கலாம். பின் அட்டைக்குள்ள ஒரு தனித்தாள் இருக்கு. காயம் எப்ப, எங்க பட்டது, ஆர் தைச்சது, எந்தப் பக்கம் எண்டு எனக்குத் தெரிஞ்சதை இங்கிலீசில எழுதி, அத்தானைக் கொண்டு பிழை திருத்திச்சு, கையெழுத்தும் வச்சிருக்கிறன். வாய் திறந்து சொல்ல ஏலாமல் போனா அந்தத் தாளை மட்டும் டொக்டரின்ர கையில குடு.

எக்ஸ்ரேயில என்ன தெரிஞ்சதெண்டு எனக்கு எழுது. போனில வேண்டாம்.

உன்ர கூட்டாளி,
கணக்கு ரீச்சர்